பிடிப்பதும் அறிவதும்

திறனாய்வு என்றால் அது காப்பியத்துக்கும் புதினத்துக்கும் உரியது என்று கொள்வது தமிழாசிரியர்தம் வழக்கம். ஆயினும் இன்றைய மாணாக்கர் கூர்ந்து ஆராய்ந்து, சான்று காட்டி, மறுப்புக்கு மறுப்புரைத்து வாதிடும் பொருள் வேறொன்று இருக்கிறது. போக்கிமான் என்னும் வீடியோ விளையாட்டு வரிசை அது. பள்ளி விட்டு லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கும் பிள்ளைகளின் பேச்சைச் சற்றே செவிமடுத்தால் போதும். எந்த ஆட்டம் சிறந்தது, எது சோடை போயிற்று, எதன் கதை நெஞ்சில் நிற்பது, எதில் படைத்தவர்கள் கைசோர்ந்தார்கள் என்றெல்லாம் வழக்காடுவார்கள். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பற்றி நான்கு வரி சொல்லத் தயங்கும் பிள்ளையும், 'கருப்பு', 'வெள்ளை' ஆட்டங்களின் கதைமுடிவு சரியா தவறா என்று அரைமணி நேரம் பேசும். பேசுவது ஆங்கிலத்தில். அதுதான் உறுத்துகிறது.

அவ்வாதங்களுள் கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை என்று நோக்குவது வீண்வேலை ஆகாது. முதலில், ஆட்டத்தை அறியாத ஆசிரியர் பொருட்டு அதன் வரலாறு.

'பாக்கெட் மான்ஸ்டர்' என்பதன் சுருக்கமே போக்கிமான். மான் என்று முடிவதால் மானினம் என்று கருதற்க. சட்டைப்பையில் அடங்கும் விந்தை உயிர் என்பதே பொருள். 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் ஜப்பானில் 'சிவப்பு', 'பச்சை' என இரண்டு பதிப்புகளாக முதல் ஆட்டம் வெளிவந்தது. அதைக் கருக்கொண்டவர் சத்தோஷி தாஜிரி. 1965-இல் பிறந்த அவர், தோக்கியோ நகரின் புறத்தே மச்சிதா என்னும் ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் வண்டும் பூச்சியும் பிடிப்பதே அவருக்கு உயிர். 'பூச்சி முனைவர்' என்று தோழர்கள் கேலிப்பெயர் சூட்டும் அளவுக்கு அதில் தோய்ந்திருந்தார். பிறகு நகரம் பெருத்தது, குளமும் வயலும் கட்டடங்களுக்கு இடம்கொடுத்தன, பூச்சிகள் போயின. தாம் பெற்ற அந்த இன்பத்தை இனிவரும் பிள்ளைகளுக்கு இயந்திரத்திற்குள்ளேனும் வைத்துத் தரவேண்டும் என்று எண்ணியதன் விளைவே இவ்விளையாட்டு. ஆடுவோன் ஊர் ஊராக நடப்பான். புல்வெளியிலும் குகையிலும் நீர்நிலையிலும் மறைந்துள்ள உயிர்களைப் பிடிப்பான், பழக்குவான், பிறர் வளர்த்தவற்றோடு மோதவிடுவான். பிடித்தவை யாவும் ஓர் ஏட்டில் பதிவாகும். முதல் ஆட்டத்தில் அவ்வேட்டின் உயிர்கள் 151. இன்று அத்தொகை 1000-ஐக் கடந்துவிட்டது.

இந்த வரலாறு சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் புதிதன்று. கம்பத்துச் சிறுவர்கள் இலையிடுக்கில் வாழும் சண்டைச் சிலந்தியைப் பிடித்து, தீப்பெட்டியில் அடைத்து, ஒன்றோடொன்று மோதவிட்ட காலம் ஒன்று இருந்தது. மிங் செர் என்பார் 1995-இல் எழுதிய 'ஸ்பைடர் பாய்ஸ்' என்னும் ஆங்கிலப் புதினம் 1950-களின் அச்சிறுவர் உலகையே களமாகக் கொண்டது. தமிழ்நாட்டில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்து இலை போட்டு வளர்க்காத சிறுவன் அரியன். தீப்பெட்டி போய்ப் பிளாஸ்டிக் பெட்டி வந்தது. சிலந்தி போய் மின்னுயிர் வந்தது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின் கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்த தீவில், இவ்வாட்டம் ஊன்றிக்கொண்டதில் வியப்பில்லை.

ஒரே ஆட்டத்தை இரண்டு பதிப்பாக வெளியிட்டது ஏன் என்று கேட்பார் உளர். வணிகத் தந்திரம் என்று உடனே சொல்லிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்றும் புலனாகும். சில உயிர்கள் ஒரு பதிப்பில் மட்டுமே கிட்டும். ஏட்டை நிறைவு செய்ய விரும்புவோன், மற்றப் பதிப்பு வைத்திருக்கும் தோழனைத் தேடிப்போய், இரு பெட்டிகளையும் கம்பியால் இணைத்து மாற்றிக்கொண்டே தீரவேண்டும். தனித்திருந்து முடிக்க இயலாதபடி ஓர் ஆட்டத்தை அமைத்தது பெரிய நுட்பம். 'என்னிடம் இரண்டு இருக்கிறது, உன்னிடம் என்ன இருக்கிறது?' என்ற தீப்பெட்டிக் காலத்துப் பேரம் அப்படியே கம்பிக்குள் புகுந்துவிட்டது.

இனிச் சுவைஞர்தம் கருத்துகளுக்கு வருவோம்.

மூத்த சுவைஞரிடையே பரவலாக வழங்கும் தீர்ப்பு, முதல் 151 உயிர்களே உண்மையான போக்கிமான், பின்னர் வந்தவை யாவும் சரக்குத் தீர்ந்தபின் இட்டுக்கட்டியவை என்பது. 2010-இல் வந்த 'கருப்பு', 'வெள்ளை' ஆட்டங்களில் ஐஸ்கிரீம் வடிவில் ஓர் உயிரும் குப்பை மூட்டை வடிவில் ஓர் உயிரும் இடம்பெற்றதைச் சான்றாகக் காட்டி நகைப்பார்கள். இவ்வாதம் நில்லாது. முதல் ஆட்டத்திலேயே சேற்றுக் குவியலாக ஓர் உயிர் இருந்தது. பிடிக்கப் பயன்படும் பந்தையே ஒத்த ஓர் உயிர் இருந்தது. காந்தமும் திருகாணியும் சேர்ந்த ஓர் உயிர் இருந்தது. அது மூன்று சேர்ந்தால் வேறோர் உயிர் என்றும் கணக்கில் வந்தது. இவற்றைக் கற்பனை வளம் என்று போற்றுவோர் குப்பை மூட்டையை மட்டும் வறுமை என்பது என்ன நியாயம்? பத்து வயதில் கண்டது அழகாகவும் இருபத்தைந்தில் கண்டது அபத்தமாகவும் தோன்றுதல் மனித இயல்பு. அதைத் திறனாய்வு என்று பெயரிட்டு வழங்குவது பொருந்தாது. பழைய நூல் என்பதாலேயே ஒன்றைத் தலைமேல் வைத்துக்கொள்ளும் பழக்கம் தமிழ் வகுப்பறைக்கும் உண்டாதலால், இங்கே பிள்ளைகளை மட்டும் குறைகூறுவதற்கில்லை.

சுவைஞர் எவரும் அதிகம் பேசாத குறை ஒன்று முதல் ஆட்டம் தொட்டே இருக்கிறது. ஓர் உயிர் வளர்ந்து வேறு வடிவம் கொள்வதைப் 'பரிணாமம்' என்று ஆட்டம் சொல்கிறது. பச்சைப் புழு கூட்டுப்புழுவாகி, பின்பு வண்ணத்துப்பூச்சி ஆவது பரிணாமமா? அஃது உருமாற்றம். பரிணாமம் என்பது தலைமுறை தலைமுறையாக ஓர் இனத்துக்கு நேர்வது. ஓருயிரின் வாழ்நாளில் நேர்வதன்று. பூச்சி பிடித்து வளர்ந்த தாஜிரிக்கு இந்த வேறுபாடு தெரியாதிருக்க முடியாது. கவர்ச்சி கருதிய சொல்லாட்சி போலும். அறிவியல் ஆசிரியர்கள் இதனால் படும் பாடு தனிக்கதை.

1999-இல் 'பொன்', 'வெள்ளி', 2002-இல் 'மாணிக்கம்', 'நீலம்', பின்னர் 'மரகதம்', 2006-இல் 'வைரம்', 'முத்து' எனப் பதிப்புகள் தொடர்ந்தன. நவமணிகளுள் ஐந்து தீர்ந்தன. பவளமும் கோமேதகமும் புட்பராகமும் வைடூரியமும் இன்னும் காத்திருக்கின்றன. இவ்வாட்டங்கள் நல்லனவே எனினும், முன்னவை வகுத்த தடத்தை விட்டு வெகுதூரம் விலகவில்லை. ஆகவே விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விரித்துரைக்க வேண்டியது 'கருப்பு', 'வெள்ளை' பற்றியே. கதையைப் பொருட்படுத்தும் சுவைஞர் பலர் இதனை வரிசையின் சிகரமாக வைப்பர். காரணம் உண்டு. அதுகாறும் வந்த ஆட்டங்கள் கேட்கத் துணியாத வினாவை இது கேட்டது: உயிர்களைப் பிடித்து அடைத்து மோதவிடுவது அறமா? அவ்வுயிர்களின் குரலைக் கேட்கவல்ல இளைஞன் ஒருவன் கதையில் வருகிறான். என் என்னும் ஒற்றையெழுத்தே அவன் பெயர். மனிதரால் துன்புற்ற உயிர்களின் நடுவே வளர்க்கப்பட்டவன். எல்லா உயிரையும் விடுவிக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. ஆடுவோன் தான் மணிக்கணக்காகச் செய்துவந்த செயலையே குற்றக்கூண்டில் நிற்கக் காண்கிறான். வணிகப் பொருள் ஒன்று தன் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தியது துணிவுதான்.

ஆனால் வினாவுக்கு விடை யாது? கதை முதிரும்போது, அவ்விளைஞனை வளர்த்த தலைவன் ஒரு வஞ்சகன் என்று தெரியவருகிறது. மற்றவர் யாவரும் தம் உயிர்களைத் துறந்தபின் தான் மட்டும் அவற்றை வைத்துக்கொண்டு உலகாள்வதே அவன் திட்டமாம். வினா எழுப்பியவன் ஏமாற்றப்பட்டவன், ஏமாற்றியவன் கயவன் என்று ஆனபின் வினா தானே கரைந்துபோகிறது. ஆடுவோன் நிம்மதியாகப் பழையபடி பிடிக்கலாம். மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை இதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். வேள்விக்கென நிறுத்திய பசுவை அவன் இரவில் விடுவிக்கிறான், பிடிபடுகிறான், அவையோரோடு வாதிடுகிறான், பழிக்கப்பெற்று ஊரைவிட்டு நீங்குகிறான். சாத்தனார் அவனைக் கயவனாகவோ ஏமாளியாகவோ ஆக்கி வாதத்திலிருந்து தப்பித்துக்கொள்ளவில்லை. அவன் அறத்தைக் கதை இறுதிவரை தாங்குகிறது. 'கருப்பு', 'வெள்ளை' ஆட்டங்கள் ஆபுத்திரனைப் படைத்துவிட்டு, அவனைக் கண்டு தாமே அஞ்சின. சுவைஞர் இதனைச் சிகரம் என்று சொல்வது ஏற்புடையதே. சிகரத்தின் உச்சிக்கு ஓரடி முன்னர் நின்றுவிட்ட சிகரம்.

2016 நவம்பரில் வந்த 'ஞாயிறு', 'திங்கள்' ஆட்டங்களைச் சுவைஞர் பலர் குறைகூறுவது, பாத்திரங்கள் ஓயாது பேசி வழிமறிக்கின்றன என்பதற்காக. குறை மெய்யே. எனினும் திணை பயிற்றும் ஆசிரியருக்கு இவற்றைப் போல் பயன்படும் ஆட்டம் வேறில்லை. ஹவாய்த் தீவுகளைப் போன்ற நிலம் இதன் களம். முன்பே அறிமுகமான உயிர்கள் இந்நிலத்தில் வேறு உருக்கொண்டு நிற்கின்றன. தீயுமிழும் நரி இங்கே பனிமலை ஏறிப் பனிநரியாகிவிட்டது. குட்டையாக இருந்த தென்னை போன்ற உயிர் வெயிலை உண்டு வானளாவ வளர்ந்துவிட்டது. நிலத்தின் தன்மை கருப்பொருளில் இறங்குவது இதுதானே!

அதனினும் அழகியது எலியின் கதை. இத்தீவுகளில் பெருகிய எலியைக் கட்டுப்படுத்தக் கீரி போன்ற உயிரைக் கொண்டுவந்தார்களாம். எலியோ பகலை விட்டு இரவுக்கு மாறிக்கொண்டதாம். இது கட்டுக்கதை அன்று. 1883-இல் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கீரியை இறக்கினார்கள். கீரி பகலில் திரிவது, எலி இரவில் திரிவது. இரண்டும் சந்திக்கவில்லை, தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டைகளே போயின. தோட்டத்துரைமார் செய்த பிழை ஒன்று, நூற்றாண்டுக்குப் பின் சிறுவர் விளையாட்டில் இரண்டு உயிர்களின் குறிப்பாக வந்து அமர்ந்திருக்கிறது. இதைச் சுவைஞர் எத்தனைபேர் கவனித்தார்கள்? சண்டையில் எது வலிது என்ற கணக்கிலேயே பலருக்கும் கண்.

2019-இல் பெரும்பூசல் ஒன்று மூண்டது. அவ்வாண்டு வந்த 'வாள்', 'கேடயம்' ஆட்டங்களில் பழைய உயிர்கள் அனைத்துக்கும் இடமில்லை என்று படைத்தவர்கள் அறிவித்தார்கள். சுவைஞர் கொதித்தெழுந்தனர். பல்லாண்டு கூடவே கொண்டுவந்த உயிருக்குப் புதிய ஆட்டத்தில் வாயில் அடைப்பதா என்பது அவர்கள் கேள்வி. நெஞ்சைத் தொடும் கேள்விதான். எனினும் இலக்கிய வரலாறு அறிந்தோர் இதில் அதிர்ச்சி கொள்ளார். தொகை என்றாலே விடுதலும் அதனுள் அடங்கும். அந்த ஆட்டத்தின் ஏட்டில் நின்ற உயிர்கள் சரியாக 400. அகநானூறும் புறநானூறும் தொகுத்தோர் எவ்வளவு விட்டிருப்பர் என்பதை எண்ணிப்பார்ப்பவர் யார்? விட்டதற்காகத் தொகையாசிரியரை வைதல் முறையன்று. சேர்த்தவற்றை நிரல்படுத்தியதில் நயம் உண்டா என்று கேட்டலே முறை. அப்படிக் கேட்டால் 'வாள்', 'கேடயம்' தப்பமாட்டா. நிலமும் கதையும் மெலிந்து, நடைபாதை போல் நேரே ஓடுகின்றன. சுவைஞர் தண்டித்தது சரியான குற்றவாளியை. சொன்ன குற்றம்தான் வேறு.

2022-இல் இரண்டு வந்தன. சனவரியில் வந்த 'ஆர்சியஸ்' என்னும் ஆட்டம் பழங்காலத்தில் நிகழ்வது. அங்கே ஏடு இன்னும் எழுதப்படவில்லை. மக்கள் இவ்வுயிர்களுக்கு அஞ்சி வாழ்கிறார்கள். ஒன்றைப் பிடித்துவிட்டால் மட்டும் ஏட்டின் பக்கம் நிறைவதில்லை. அது என்ன உண்கிறது, எப்போது வெளிவருகிறது, அஞ்சினால் என்ன செய்கிறது என்று பன்முறை பார்த்தே பக்கத்தை நிரப்பவேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கினார். அதனை மனப்பாடப் பகுதியாக்கி, ஒரு மலரையும் காட்டாமல் ஒப்புவிக்கச் செய்யும் வகுப்பில் அது வெறும் பெயர்ப்பட்டியல். சுனையாடி, மலர் கொய்து, பாறைமேல் குவித்து விளையாடும் பெண்களின் கையிலிருந்து அப்பெயர்கள் விழுவதாகக் கொண்டால் அது கவிதை. முந்தைய ஆட்டங்கள் பட்டியலைக் கொடுத்தன. 'ஆர்சியஸ்' பட்டியல் பிறக்கும் இடத்தைக் கொடுத்தது. வரிசையில் முதலிடம் தரவேண்டின் இதற்கே தரலாம். நிலக்காட்சி வறண்டது, மரங்கள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று சொல்லும் சுவைஞரும் உளர், அதை மறுப்பதற்கில்லை.

அதே ஆண்டு நவம்பரில் வந்த 'ஸ்கார்லெட்', 'வயலெட்' ஆட்டங்கள் எத்திசையிலும் செல்லும் உரிமை தந்தன. கதையிலும் கனிவு உண்டு. ஆனால் அரைவேக்காட்டில் இறக்கிய சோறு. காட்சி திக்கித் திக்கி நகர்ந்தது; உருவங்கள் சுவருக்குள் புகுந்தன. நிறுவனமே பின்னர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. எனினும் முதல் மூன்று நாளில் 1 கோடிப் படிகள் விற்றன. ஏசியவரும் வாங்கினார்கள். சுவைஞர் திறனாய்வின் வலுவின்மை இவ்விடத்தே வெளிப்படுகிறது.

சிங்கப்பூர்க்காரருக்கு போக்கிமான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 2016 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இங்கு வெளியான 'போக்கிமான் கோ' என்னும் கைப்பேசி ஆட்டம். ஹவ்காங் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைச் சுற்றி இரவெல்லாம் கூட்டம் திரண்டதும், குடியிருப்பாளர் தூக்கமிழந்து முறையிட்டதும் நாளிதழ்களில் வந்தன. 2019 ஏப்ரலில் சாங்கி ஜுவல் கட்டடத்தில் இதற்கெனத் தனிக்கடையும் திறந்தார்கள். அக்கைப்பேசி ஆட்டத்தில் ஊரின் கோயிலும் சிலையும் சுவரோவியமும் ஆடுவோர் நின்று செல்லும் நிலையங்களாயின. திரையை விட்டுத் தலைநிமிர்ந்தவர்க்கு லிட்டில் இந்தியா ஒரு பெரிய ஏடாகவே இருந்திருக்கும். பஃப்பலோ சாலை என்பது எருமைச் சாலை. கெர்பாவ் சாலை என்பதும் மலாய்மொழியில் எருமைச் சாலையே. இவ்வட்டாரம் கால்நடை வாணிகத்தால் வளர்ந்த வட்டாரம் என்பதன் எச்சங்கள் இப்பெயர்கள். கண்முன்னே உலவும் சாவக மைனா எங்கிருந்தோ வந்து இத்தீவைத் தனதாக்கிக்கொண்ட பறவை. ஹவாய்க் கீரியின் கதைக்குச் சளைத்ததன்று அது. தலைநிமிர்ந்தோர் தொகை அதிகமாக இருந்ததாகத் தெரியவில்லை. பிடிப்பதிலேயே நின்றுவிட்ட ஆட்டம் அது. 'ஆர்சியஸ்' கற்பித்த பொறுமை அதில் இல்லை.

இறுதியாக மொழி. சிங்கப்பூரில் வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் விழுக்காடு 2010-இல் 3.3 ஆக இருந்து 2020-இல் 2.5 ஆகக் குறைந்தது. பிள்ளைகள் உணர்ச்சியோடு வாதிடும் பொருள்களெல்லாம் தமிழுக்கு வெளியே இருந்தால் இவ்விறக்கம் நிற்காது. மற்ற மொழியினர் இதனை எவ்வாறு கொண்டனர் என்பது கருதத்தக்கது. 'ஞாயிறு', 'திங்கள்' ஆட்டங்களே முதன்முதலில் சீனத்திலும் வந்தவை. அதற்கென எல்லாச் சீனருக்கும் பொதுவான பெயர்களை நிறுவனம் வகுத்தபோது, பிக்காச்சு என்னும் மின்சார எலிக்கு இட்ட புதிய எழுத்துகள் கன்டனீஸ் ஒலிப்பில் பழைய பெயரைச் சிதைக்கின்றன என்று ஹாங்காங் மக்கள் 2016 மே மாதம் ஜப்பானியத் தூதரகத்துக்கு ஊர்வலம் போனார்கள். ஓர் எலியின் பெயருக்காக! ஆனால் அவர்கள் காத்தது எலியையா, தங்கள் ஒலியையா? இந்தியில் 2023-இல் 'போக்கிமான் கோ' வந்தபோது 800-க்கும் மேற்பட்ட உயிர்களுக்கு இந்திப் பெயரிட்டார்கள்.

தமிழில் அத்தகைய முயற்சிக்கு நிறுவனத்தைக் காத்திருக்க வேண்டுவதில்லை. உயர்நிலை வகுப்பில் ஒரு பாடவேளை போதும். பெயரிடுதலில் ஜப்பானியர் கையாண்ட உத்திகள் தமிழாசிரியருக்குப் பழகியவையே. 'பிக்கா' மின்னுதலின் குறிப்பு, 'ச்சு' எலியின் கீச்சொலி. ஆகப் பிக்காச்சு ஒலிக்குறிப்பால் அமைந்த பெயர். முதுகில் விதை சுமக்கும் முதல் உயிருக்கு ஜப்பானியப் பெயர் 'ஃபுஷிகிதானே'. விந்தை விதை என்றும், விந்தையாக இருக்கிறதே என்றும் இருபொருள் படுவது. சிலேடைதான்! காளமேகத்தின் வழிவந்தோர்க்கு இது கடினமா? இரட்டைக்கிளவிக்கு எடுத்துக்காட்டாகச் சலசல, கலகல என்று ஐம்பது ஆண்டாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிராமல், மின்னும் எலிக்கும் உறுமும் சேற்றுக்கும் பெயர் அமைக்கச் சொல்லிப் பார்க்கலாம். அமைத்த பெயர் ஏன் பொருந்தும், தோழன் அமைத்தது ஏன் பொருந்தாது என்று தமிழிலேயே வழக்காடச் செய்யலாம். பிக்காச்சுவின் பெயரை மாற்றலாகுமா என்று கேட்டால் வகுப்பு இரண்டுபடும். அப்போது ஆசிரியர் கரும்பலகையைத் துடைத்துவிட்டு இருதரப்புக் காரணங்களையும் எழுதிக்கொள்ளட்டும்.